ரிப்போர்ட்டைப் படிப்பது யார்?

2019 நவம்பரில் இந்திய ட்விட்டரிலிருந்து ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு மாஸ்டடான் என்ற இன்னொரு சமூக ஊடகத்துக்குக் கிளம்பியது. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதுதான் உடனடிக் காரணம். அவர் முகப்பில் வைத்திருந்தது 1936இல் எடுக்கப்பட்ட படம். ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் மொத்தக் கூட்டமும் நாஜி வணக்கம் வைக்க, ஒரே ஒரு ஆள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜிகளை எதிர்த்து நின்ற மனிதனின் படத்தை, வெறுப்பைப் பரப்பும் படம் என்று ட்விட்டர் எடுத்துக்கொண்டது. திருப்பித் தந்தார்கள். அப்புறம் எப்போதோ பகிர்ந்த ஒரு இந்திக் கவிதைக்காக மறுபடியும் முடக்கினார்கள். சாதி வெறுப்பைப் புகார் செய்தால் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது, இதற்கு மட்டும் கை எப்படி இவ்வளவு வேகமாக நீள்கிறது என்று பலரும் கேட்டார்கள். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்தக் கூட்டத்தோடு வந்து, போகாமல் தங்கிவிட்ட சிலரில் நானும் உண்டு. வந்த பெரும்பாலோர் கொஞ்ச நாளிலேயே திரும்பிவிட்டார்கள். "இங்க யாருமே இல்லையே" என்பது ஒரு காரணம். இன்னொன்று சுவாரசியமானது. கட்டுப்பாடே இல்லாத இடம் என்று நினைத்து வந்தவர்களுக்கு, இங்கேதான் கட்டுப்பாடு அதிகம் என்று தெரிந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. மாஸ்டடான்.சோஷியல் என்ற பெரிய சர்வரின் விதிகளை எடுத்துப் பாருங்கள். இனவாதம், பாலினப் பாகுபாடு ஆகியவற்றைத் தடை செய்யும் அதே வரியில் சாதியமும் இருக்கிறது. ஜெர்மனியில் தொடங்கிய ஒரு சர்வரின் விதிப்பட்டியலில்!

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மாஸ்டடான் ஒரு மென்பொருள். 2016இல் ஓய்கன் ரோச்கோ வெளியிட்டது, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் சர்வரில் நிறுவி நாலு பேரையோ நாலாயிரம் பேரையோ சேர்த்துக்கொள்ளலாம். இந்த சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில். 2018இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை அதிகாரபூர்வப் பரிந்துரையாக ஏற்றது. மாஸ்டடான் மட்டுமில்லை, படம் போட பிக்சல்ஃபெட், வீடியோவுக்குப் பியர்டியூப், விவாதத்துக்கு லெம்மி என்று எல்லாமே இதில் பேசும். எல்லாம் சேர்ந்ததுதான் ஃபெடிவெர்ஸ். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மெயில் போடுவதைப் போலத்தான். இதற்கு முதலாளி கிடையாது. ஆகவே தலைமை அலுவலகம் கிடையாது, ஒரே விதி கிடையாது, மேல்முறையீடு என்று போய் நிற்க ஒரு இடமும் கிடையாது. ஒவ்வொரு சர்வரிலும் அதை நடத்துகிறவர்தான் எல்லாம்.

சரி, அப்படியானால் ரிப்போர்ட் பட்டனை அழுத்தினால் அது எங்கே போகிறது?

என்னைப் போன்ற ஆளிடம் போகிறது. சில வருடங்களாக ஒரு சின்ன ஐரோப்பிய சர்வரின் மட்டுறுத்தல் குழுவில், அதாவது புகார்களைப் பார்த்து முடிவெடுக்கும் குழுவில், இருக்கிறேன். சம்பளம் இல்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்தால் திரையில் பட்டியல் நிற்கும். யார் மீது புகார், எந்தப் பதிவுகள், என்ன காரணம் (ஸ்பேமா, விதிமீறலா, சட்டவிரோதமா, வேறா), புகார் செய்தவர் எழுதிய ஒன்றிரண்டு வரி. "நான் பார்க்கிறேன்" என்று ஒரு புகாரை என் பேரில் எடுத்துக்கொள்ளலாம். மற்ற மட்டுறுத்துநர்களுக்குக் குறிப்பு எழுதலாம். நம் சர்வர்க்காரர் என்றால் எச்சரிக்கலாம், பதிவை நீக்கலாம், கணக்கை உறையவைக்கலாம். வேறு சர்வர்க்காரர் என்றால் நம் கை அவ்வளவு நீளாது. அவரை நம் ஆட்களின் கண்ணில் படாமல் செய்யலாம், அவ்வளவே. அதில் இரண்டு நிலை உண்டு. 'லிமிட்' போட்டால், ஏற்கெனவே பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் தெரிவார். 'சஸ்பெண்ட்' போட்டால் நம் சர்வரைப் பொறுத்தவரை அவர் இல்லை. புகாரின் நகலை அவருடைய சர்வருக்கும் அனுப்பிவைக்கலாம், அனுப்பியவர் யார் என்று அங்கே தெரியாது. எடுத்துப் பார்ப்பதும் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

முக்கால்வாசி சலிப்பூட்டும் வேலைதான். கிரிப்டோ விளம்பரம், போலிக் கணக்கு, இரண்டு பேர் லினக்ஸில் எது உசத்தி என்று அடித்துக்கொண்டு மாறி மாறிப் புகார் கொடுப்பது. (இந்த மூன்றாவது வகைக்குத் தனியாக ஒரு கோப்பே போடலாம்.)

நடுவில் ஒன்று வரும், அன்றைய தூக்கத்தைக் கொண்டுபோய்விடும்.

எங்கள் சர்வரில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் தன் ஊர்த் திருவிழாப் படம் ஒன்றைப் போட்டிருந்தார். கீழே வேறு சர்வரிலிருந்து ஒருவர், "அழகா இருக்கு. எந்த ஊருங்க?" என்கிறார். இவர் மாவட்டத்தைச் சொல்கிறார். "மாவட்டத்துல எந்த ஊரு?" ஊரையும் சொல்கிறார். "ஓ, தெரியுமே. ஊர்ல எந்தத் தெரு?" பதில் இல்லை. "அப்பா என்ன பண்றாங்க?" பதில் இல்லை. மறுநாள் அந்தப் பெண் சமையல் பற்றி எழுதிய பதிவின் கீழ் அதே ஆள், அதே கேள்வி. அதற்கடுத்து, "சொல்ல மாட்டேங்கிறப்பவே புரிஞ்சுபோச்சு" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

என் சக மட்டுறுத்துநர்கள் இதை மொழிபெயர்ப்பில் படித்தார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை. ஊர் கேட்கிறார், தெரு கேட்கிறார், அப்பா தொழில் கேட்கிறார். கொஞ்சம் அதிகமாகப் பேசுகிற ஆள், அவ்வளவுதானே என்றார் ஒருவர். முகவரியைத் தோண்டி எடுக்கப் பார்க்கிறாரோ என்றார் இன்னொருவர். அவர்கள் மேல் தப்பில்லை. தெருவைக் கேட்டால் சாதியைக் கேட்டதாகிவிடும் என்பது நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் உறைக்கும். குறிப்புப் பெட்டியில் நீளமாக எழுதினேன். ஊரும் சேரியும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன, பெயரில் சாதி தெரியாத ஊரில் அதை எப்படியெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், அந்தக் கடைசி வரியின் பொருள் என்ன, எல்லாவற்றையும். ஒருவர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுமே நல்ல கேள்விகள். அந்த ஆளை எங்கள் சர்வரிலிருந்து சஸ்பெண்ட் செய்தோம். அவருடைய சர்வருக்குப் புகாரை அனுப்பினோம். அங்கிருந்து பதில் வரவில்லை. அவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார், யாரிடமாவது தெருப் பெயர் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த அமைப்பின் நல்லது கெட்டது இரண்டையும் இந்த ஒரு புகாரிலேயே பார்த்துவிடலாம். பெரிய நிறுவனத்தில் இந்தப் பதிவு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கானவற்றைப் பார்த்துத் தள்ளவேண்டிய ஒப்பந்த ஊழியரிடமோ ஒரு நிரலிடமோ போயிருக்கும். இங்கே ஒரு பக்கம் எழுதினால் உட்கார்ந்து படிக்க மூன்று பேர் இருந்தார்கள். இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்த சமயத்தில், சிங்களத்தில் கொட்டிக்கிடந்த வெறுப்புப் பதிவுகளைப் புகார் செய்தவர்களுக்கு விதிமீறல் எதுவும் இல்லை என்று ஃபேஸ்புக்கிலிருந்து பதில் வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான். காசும் ஆளும் இல்லாத நிறுவனமா அது? அந்த மொழியைப் படித்து, படித்ததைப் புரிந்துகொண்டு, உடனே முடிவெடுக்கக்கூடியவர் நாற்காலியில் இல்லை.

ஆனால் எங்கள் சர்வரிலும் அன்று நான் இருந்ததால்தான் நடந்தது. நான் ஊருக்குப் போயிருந்தால்? "பேச்சு அதிகமுள்ள ஆள்" என்று புகாரை மூடியிருப்பார்கள். அமைப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வது, கிட்டப் போய்ப் பார்த்தால், அந்த வாரம் யார் ஆன்லைனில் இருந்தார்கள் என்பதுதான்.

இந்த உலகத்தின் பெரிய ஆயுதம் சர்வரையே துண்டிப்பது. தனி ஆளை விட்டுவிட்டு, அவர் இருக்கும் சர்வர் மொத்தத்தோடும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வது. ஊர்விலக்கு என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். புரிகிற வேகத்திலேயே கொஞ்சம் உறுத்தவும் வேண்டும்.

அது அவசியமாக இருந்த நேரம் உண்டு. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத வழிபாட்டுத் தலத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், போவதற்கு முன் எழுதிவிட்டுப் போனது காப் என்ற தளத்தில். அந்தத் தளம் 2019 ஜூலையில் தன் பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு மாஸ்டடான் நிரலுக்கு மாறியது. கட்டற்ற மென்பொருள், யாரையும் எடுக்காதே என்று சொல்ல முடியாது. உரிமத்தில் அதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. (பின்னால் ட்ரம்ப்பின் ட்ரூத் சோஷியலும் இதே நிரலை எடுத்தது. உரிமம் கேட்கிறபடி மூல நிரலை வெளியிடாமல் இருந்து, 2021இல் மாஸ்டடான் தரப்பு கேட்ட பிறகுதான் வெளியிட்டது. உரிமத்தால் முடிந்தது அவ்வளவுதான்.) ஆனால் உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. காப் வந்து சேரும் முன்பே சர்வர் சர்வராகக் கதவைச் சாத்தினார்கள். டஸ்கி என்ற ஆண்ட்ராய்டு செயலி தன் நிரலிலேயே அந்த முகவரியைத் தடுத்தது. மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமல், ஆயிரக்கணக்கான தனித்தனி முடிவுகளால் ஒரு பெரிய தளம் தனித்தீவானது. அடுத்த வருடம் காப் மற்ற சர்வர்களோடு பேசும் வசதியையே கைவிட்டது. எனக்குத் தெரிந்து, பரவலாக்கப்பட்ட மட்டுறுத்தலுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை.

அதே ஆயுதத்தைச் சின்ன விஷயத்துக்கு எடுத்தால்? 2022 நவம்பரில் பத்திரிகையாளர்களுக்கென்று ஜர்னா.ஹோஸ்ட் என்ற சர்வர் தொடங்கினார்கள். அங்கிருந்த ஒருவர் திருநர்கள் தொடர்பான ஒரு கட்டுரையைப் பகிர்ந்ததில் சண்டை மூண்டு, பல சர்வர்கள் அதைத் துண்டித்தன. அங்கிருந்த மற்றவர்கள் ஒரு வார்த்தை எழுதாமலேயே வாசகர்களை இழந்தார்கள். துண்டித்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்ளலாம். என்னை உறுத்துவது வேறு. துண்டிக்கப்பட்ட சர்வரில் இருக்கும் சாதாரண ஆளுக்கு, தான் துண்டிக்கப்பட்டதே தெரியாது. அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. நண்பரின் பதிவுகள் வருவது நிற்கும், நண்பர் எழுதுவதை நிறுத்திவிட்டார் போல என்று நினைத்துக்கொள்வார்.

தடைப்பட்டியல் பகிர்வு என்று ஒன்று இருக்கிறது. நம்பிக்கையான ஒருவர் தொகுத்த பட்டியலைக் கோப்பாக இறக்கி உங்கள் சர்வரில் ஏற்றிவிடலாம், நூற்றுக்கணக்கான மோசமான சர்வர்கள் ஒரே சொடுக்கில் போய்விடும். புதிதாக சர்வர் தொடங்குகிறவருக்கு இது வரப்பிரசாதம். ஏற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கும் அளவுக்குக் காரணம் இருப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் இரண்டு அட்மின்களுக்கு இடையே நடந்த தனிச் சண்டை, நகலுக்கு நகலாகக் கடந்து, சம்பந்தமே இல்லாத ஒருவரின் சர்வரில் விதியாக உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது?

லெம்மி பக்கம் நடந்ததையும் சொல்லவேண்டும். ரெட்டிட் என்ற விவாதத் தளம் தன் ஏபிஐக்கு (வெளிச் செயலிகள் அதோடு இணையும் வழிக்கு) விலை வைக்கப்போவதை எதிர்த்து 2023 ஜூனில் கூட்டம் அங்கே ஓடியது. பீஹா என்ற சர்வர், லெம்மி.வேர்ல்ட் உட்பட இரண்டு பெரிய சர்வர்களைத் துண்டித்தது. அங்கே யாரும் பெரிய குற்றம் செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவு திறந்திருந்த சர்வர்கள் அவை, அங்கிருந்து வரும் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள பீஹாவில் ஆள் போதவில்லை, மென்பொருளில் தேவையான கருவிகளும் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கொள்கை, கோட்பாடு என்று பூசாமல், எங்களால் முடியவில்லை என்றார்கள். முக்கால்வாசித் துண்டிப்புகளுக்குப் பின்னால் இருப்பது அதுதான், சொல்வதில்லை.

முடியவில்லை என்பது என்ன மாதிரி முடியவில்லை? 2023 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட் இணைய ஆய்வகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. இரண்டு நாளில் ஏறக்குறைய 3,25,000 பதிவுகளை தெரிந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் போட்டோடிஎன்ஏ கருவி கொண்டு சோதித்ததில், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட குழந்தைப் பாலியல் கொடுமைப் படங்கள் 112 கிடைத்தன. முதலாவது கிடைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய நிறுவனங்களிடம் இந்தச் சோதனைக் கருவிகள் இருக்கின்றன, வக்கீல்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து சர்வர் நடத்தும் ஆளிடம் இருப்பது டெலீட் பட்டன். அந்தப் படத்தைத் தன் கண்ணால் பார்க்கிறார், நீக்குகிறார், பல நாடுகளில் அதைச் சட்டப்படி அறிவிக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அதற்கப்புறம் தன் குழந்தையைத் தூங்கவைக்கப் போகிறார்.

இதற்கு உதவத்தான் இஃப்டாஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு வந்தது. இந்த வகைப் படங்களை அடையாளம் காணும் சேவை, தடைப்பட்டியல் உதவி, மட்டுறுத்துநர்கள் பேசிக்கொள்ள ஒரு இடம் எல்லாம் செய்தார்கள். 2025 தொடக்கத்தில் பணமில்லாமல் முக்கியச் சேவைகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சுதந்திர இணையம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற உலகத்தில், மிக அசிங்கமான வேலையைச் சுமந்தவர்களுக்குக் கொடுக்கக் காசு கிடைக்கவில்லை. எனக்கு இதில் இன்னும் கோபம் ஆறவில்லை.

2024 பிப்ரவரியில் வந்த ஸ்பேம் தாக்குதல் கொஞ்சம் சிரிப்பு வகை. ஜப்பானில் விடலைகள் சிலரின் சண்டை, அதற்கு ஃபெடிவெர்ஸ் பலியானது. ஆள் நடமாட்டமில்லாத, ஆனால் பதிவுக் கதவு திறந்திருந்த சின்ன சர்வர்களில் ஆயிரக்கணக்கில் கணக்குகள் தொடங்கி, ஸ்பேம் என்ற பெயரிலேயே விற்கும் டப்பா இறைச்சியின் படத்தை எல்லாருக்கும் அனுப்பித் தள்ளினார்கள். அட்மின் எப்போதோ மறந்துபோன சர்வர் என்றால் தடுக்க யார் இருக்கிறார்கள்? அதன் பிறகு மாஸ்டடான் ஒரு மாற்றம் செய்தது. ஒரு வாரம் எந்த மட்டுறுத்துநரும் தலைகாட்டவில்லை என்றால், புதியவர்கள் சேர அனுமதி கேட்கவேண்டும் என்ற நிலைக்கு சர்வர் தானாகவே மாறிக்கொள்ளும். ரொம்பச் சின்ன மாற்றம். ஆனால் அட்மினும் மனிதர், காணாமல் போவார் என்பதை மென்பொருளே ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

காணாமல் போவது நிஜமாகவே நடக்கிறது. மாஸ்டடான்.லோல் என்ற சர்வரில் 12,000 பேர் போல இருந்தார்கள். 2023 பிப்ரவரியில், ஒரு வீடியோ கேமைப் பற்றிய சண்டையில் தன்மீது கொட்டிய வெறுப்பு போதும் என்று அதை நடத்தியவர் மூடப்போவதாக அறிவித்தார். மூன்று மாத அவகாசம் கொடுத்தார், நல்ல மனிதர். மாஸ்டடானின் இணையதளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள் அவ்வளவு அவகாசம் தருவதாக ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது 2019இல் வந்த விதி. அவசரத்துக்கு இன்னொருவர் கையிலும் சாவி இருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. சர்வர் மாறினால் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். பழைய பதிவுகள் கூட வராது.

மறுபக்கம் ஹாக்கிடெர்ம். கிரிஸ் நோவா என்ற பொறியாளர் வீட்டு அடித்தளத்தில் வைத்து நடத்திய சர்வர். மஸ்க் ட்விட்டரை வாங்கியதை அடுத்து, 2022 நவம்பரில், சில நூறு பேரிலிருந்து 30,000 பேருக்கு வளர்ந்தது. வட்டுகள் திணறின. தன்னார்வலர்கள் சேர்ந்து ஜெர்மனியில் வாடகை சர்வருக்கு மாற்றினார்கள், என்ன உடைந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று எல்லாவற்றையும் பொதுவில் எழுதினார்கள், பின்னால் நிற்க ஒரு அறக்கட்டளையையும் அமைத்தார்கள். 2023 ஆகஸ்டில் மலையேற்ற விபத்தில் நோவா இறந்துபோனார். சர்வர் தொடர்ந்தது. சாவி வேறு கைகளிலும் இருந்தது, மட்டுறுத்தல் குழு என்று ஒன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது.

ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையில் இதெல்லாம் தீர்ந்துவிடுமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மட்டுறுத்தலையே தனியாகக் கழற்றி மாட்டலாம். யார் வேண்டுமானாலும் பதிவுகளுக்கு முத்திரை குத்தும் சேவை நடத்தலாம், பிடித்த சேவையை நீங்கள் இணைத்துக்கொள்ளலாம். அதற்கான ஓசோன் என்ற கருவியை 2024 மார்ச்சில் திறந்த மூலமாகவே கொடுத்தார்கள். சாதிவெறிப் பதிவுகளுக்கு முத்திரை குத்தும் சேவையை நாலு தமிழர்கள் சேர்ந்து நாளைக்கே தொடங்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் அந்த முத்திரையைக் குத்த ராத்திரி சாப்பிட்டுவிட்டு யார் உட்காரப்போகிறார்கள் என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை.

"நான் ஃபெடிவெர்ஸுக்கு வரட்டுமா, எந்த சர்வரில் சேர?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சர்வரின் 'பற்றி' பக்கத்தைத் திறங்கள். விதிகள் உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார்களா, எந்த சர்வர்களைத் துண்டித்திருக்கிறார்கள், காரணம் போட்டிருக்கிறார்களா, நன்கொடைக் கணக்கை வெளியிடுகிறார்களா, நடத்துவது ஒரே ஆளா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு மாதம் ஒரு டீ காசாவது கொடுங்கள். ரிப்போர்ட் செய்யும்போது அந்த ஒன்றிரண்டு வரியைக் காலியாக விடாதீர்கள். திருவிழாப் படம் போட்ட பெண் அந்தப் பெட்டியில், "இவர் என் சாதியைக் கேட்கிறார்" என்று எழுதியிருந்தார். நான் இழையை முதலிலிருந்து படித்ததே அதனால்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். எங்கள் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இன்னும் ஒருவராவது வேண்டும். வாரத்தில் ஓரிரு மாலை போதும், இலங்கைத் தமிழ் வழக்கு தெரிந்தவர் என்றால் ரொம்ப நல்லது, எனக்கு அங்கே பல சமயம் பிடிபடுவதில்லை. காசு கிடையாது. பார்க்கக்கூடாததை எப்போதாவது பார்க்க வேண்டிவரும், அப்போது கூப்பிட்டுப் பேச ஆள் உண்டு. விருப்பமிருந்தால் மாஸ்டடானில் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.